ஃபிரான்சஸ் மேரியன்: மௌனப் படக் காலத்துத் திரைக்கதையாசிரியர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றி நண்பர்களோடும் மாணவர்களோடும் சில ஆண்டுகளாகப் பேசிவருகிறேன். ஃபிரான்சஸ் மேரியன் என்ற பெயரை எடுத்தவுடன் எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றை ஓரிடத்தில் தொகுத்துவைக்கலாம் என்று தோன்றியது. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1888 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர்; இயற்பெயர் மேரியன் பென்சன் ஓவன்ஸ். 1915 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்கத் திரையுலகில் மிக அதிகமாகத் தேடப்பட்ட திரைக்கதையாசிரியர்களுள் ஒருவராக இருந்தார். எழுத்துக்காக ஆஸ்கர் விருது பெற்ற முதல் பெண் இவரே. 1973 மே 12 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார்.

ஃபிரான்சிஸ் ஆண் பெயர் அல்லவா? எழுதியவர் ஆண் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் ஆண் வடிவத்துக்கும் பெண் வடிவத்துக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. தமிழில் எழுதும்போது அந்த வேறுபாடும் பல நேரம் காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் ‘ஃபிரான்சஸ்’ என்று அழுத்தி எழுதுகிறேன். போதாக்குறைக்கு, அமெரிக்க விடுதலைப் போரில் ஃபிரான்சிஸ் மேரியன் என்ற புகழ்பெற்ற படைத்தலைவர் ஒருவரும் இருந்தார். ஆகவே குழப்பம் உங்களுக்கு மட்டும் ஏற்பட்டதன்று.

மௌனப் படத்துக்கு எழுத்தாளர் எதற்கு? வசனமே கிடையாதே?

நான் அதிகமாகக் கேட்டிருக்கும் கேள்வி இதுதான்; மேரியனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோலும் இதற்கான விடையில்தான் இருக்கிறது. வசனம் எழுதுவதே திரைக்கதை என்று நாம் பழகிவிட்டோம். உண்மையில் வசனம் திரைக்கதையின் ஒரு பகுதி மட்டுமே. யார், எங்கே, எதைச் செய்கிறார், அதை யார் பார்க்கிறார், பார்த்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்ற வரிசையை முன்கூட்டியே தாளில் கட்டிமுடிப்பதுதான் அதன் முதன்மையான வேலை.

தொடக்க காலத்தில் ஒரு பக்கக் கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டே ஒரு ரீல் படத்தை, அதாவது பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும் ஒரே சுருள் படத்தை, எடுத்துவிட முடிந்தது. ஐந்து ரீல் படங்கள் வழக்கமானபோது அந்த முறை செல்லவில்லை. காட்சிகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நடப்பதை விவரித்து, கேமரா அருகில் இருக்க வேண்டுமா தொலைவில் இருக்க வேண்டுமா என்று குறித்து, இடையிடையே திரையில் எழுத்தாக வரும் டைட்டில் கார்டுகளின் வாசகத்தையும் சேர்த்து எழுதிய முழுநீளப் பிரதி தேவைப்பட்டது. அதை வைத்துத்தான் எத்தனை அரங்குகள் வேண்டும், எத்தனை நாள் படப்பிடிப்பு, எவ்வளவு செலவு என்று தயாரிப்பு அலுவலகம் கணக்குப் போட்டது.

‘அவள் மனம் வருந்தினாள்’ என்று அந்தப் பிரதியில் எழுதினால் ஒளிப்பதிவாளரால் எதையும் படம்பிடிக்க முடியாது. அவள் உண்ணாமல் தட்டை நகர்த்திவைக்கிறாள், அல்லது எழுதிய கடிதத்தை மடித்து மீண்டும் பிரிக்கிறாள் என்று எழுத வேண்டும். உணர்ச்சியைச் செயலாக மாற்றும் இந்தக் கலையில் மேரியனுக்கு இணையானவர்கள் அந்தத் தலைமுறையில் மிகச் சிலரே.

சினிமாவுக்கு வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஓவியம் பயின்றார். சான் ஃபிரான்சிஸ்கோவில் அவர் படித்துவந்த மார்க் ஹாப்கின்ஸ் கலைப் பள்ளி 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அழிந்தது. பிறகு ஆர்னால்டு கென்தே என்ற புகைப்படக் கலைஞரிடம் உதவியாளராக இருந்தார், விளம்பரங்களுக்கு வரைந்தார், நாளிதழில் செய்தியாளராகவும் சிறிது காலம் பணியாற்றினார். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இடம்பெயர்ந்தபின் ஆலிவர் மோராஸ்கோவின் நாடகக் குழுவுக்குச் சுவரொட்டிகள் வரைந்துகொடுத்தார்.

இவற்றை வெறும் வாழ்க்கைக் குறிப்பாகக் கடந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். முந்தைய பதிலில் சொன்ன கலைக்கு, புகைப்படச் சட்டத்துக்குள் எது இருக்க வேண்டும், எது வெளியே போக வேண்டும் என்று பழகிய கண்ணும், தெருவில் மனிதர்கள் நடந்துகொள்வதைக் குறித்துவைக்கும் செய்தியாளரின் பழக்கமும் மிகப் பொருத்தமான பயிற்சிகள்.

1914இல் லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். வெபர் தாமே எழுதி, இயக்கி, நடித்தவர். அவரிடம் மேரியன் கைவைக்காத வேலை இல்லை. சிறு வேடங்களிலும் நடித்தார். திரைத்தொழிலின் முழு அமைப்பையும் ஒரு பெண்ணிடமிருந்தே அவர் கற்றுக்கொண்டார் என்பது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

முதல் வாய்ப்பு எளிதில் கிடைத்ததா?

கிடைத்தது, கிடைத்தது எரிந்தும் போனது. அன்றைய பெரும் நட்சத்திரமான மேரி பிக்ஃபோர்டு நடிப்பதற்காக மேரியன் எழுதிய ‘தி ஃபவுண்ட்லிங்’ என்ற கதையைத் தயாரிப்பாளர் அடால்ஃப் ஜூக்கர் 125 டாலருக்கு வாங்கினார். படம் எடுத்து முடிந்தது; பாராட்டி ஒரு விமர்சனமும் வெளிவந்துவிட்டது. ஆனால் 1915 செப்டம்பரில் நியூயார்க்கில் இருந்த அந்த நிறுவனத்தின் கட்டடத்தில் தீப்பிடித்து, படத்தின் நெகட்டிவ் சாம்பலானது. அக்காலத்து நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது. இத்தகைய இழப்புகள் புதியவை அல்ல. பின்னர் அந்தப் படத்தை மறுபடி எடுத்து 1916இல் வெளியிட்டார்கள்.

கையில் காட்டுவதற்குப் படம் எதுவும் இல்லாமல் மேரியன், நியூ ஜெர்சியின் ஃபோர்ட் லீயில் இயங்கிய வேர்ல்டு ஃபிலிம் நிறுவனத்தின் தலைவர் வில்லியம் பிரேடியிடம் சென்று, இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறேன், பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அந்த இரண்டு வாரத்தில், வெளியிட முடியாது என்று ஒதுக்கிவைத்திருந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டார். பிரேடியின் மகள் ஆலிஸ் நடித்த சோகப் படம் அது. சோகம் சிரிப்பை வரவழைக்கும் அளவுக்குத் தோற்றிருந்தது. மேரியன் நடுப்பகுதியைத் தொடவில்லை. புதிதாக ஒரு முன்கதையும் ஒரு முடிவும் எழுதிச் சேர்த்தார். அழுவதற்கென்று எடுத்த படம் நகைச்சுவைப் படமாக மாறியது. விநியோகத்துக்கு 9,000 டாலருக்கு விலைபோனது. பிரேடி அவருக்கு வாரம் 200 டாலர் ஒப்பந்தம் கொடுத்தார். விரைவில் எழுத்துத் துறையின் தலைவராகவும் ஆக்கினார்.

ஒரு காட்சியின் பொருள் அந்தக் காட்சிக்குள் மட்டும் இல்லை, அதற்கு முன்னும் பின்னும் எது வருகிறது என்பதிலும் இருக்கிறது என்பதை 27 வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒருவர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

உலகத்தின் முதல் பெண் திரைக்கதையாசிரியர் இவர்தானா?

இல்லை. எழுத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற முதல் பெண் என்பது வேறு, எழுதிய முதல் பெண் என்பது வேறு. பிரான்சில் ஆலிஸ் கீ 1896 முதலே படங்களை உருவாக்கினார். அமெரிக்காவில் ஜீன் கான்டியர், 1907இல் கேலம் நிறுவனத்துக்காகப் புகழ்பெற்ற நாவல் ஒன்றை ஒரு ரீல் படமாக எழுதிக் கொடுத்தார். நிறுவனம் உரிமை பெறவில்லை. பதிப்பகம் தொடர்ந்த வழக்கில் 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாவலைப் படமாக்குவதற்கு உரிமை வாங்க வேண்டும் என்ற நடைமுறை அதன்பிறகே உறுதிப்பட்டது.

மேரியனின் காலத்திலும் அவர் தனித்து நிற்கவில்லை. அனிடா லூஸ், ஜூன் மேதிஸ், ஜீனி மெக்ஃபர்சன், பெஸ் மெரடித், லெனோர் காஃபி என்று அந்த வரிசை நீளமானது. இவர்களுள் மேதிஸ், 1921இல் ருடால்ஃப் வாலன்டினோவை நாயகனாக்கும்படி நிறுவனத்தை இணங்கவைத்து அவரை நட்சத்திரமாக்கியவர்.

அப்படியானால் அவ்வளவு பெண்கள் எழுத முடிந்தது எப்படி? அப்போது அமெரிக்காவில் பெண்களுக்கு வாக்குரிமைகூட இல்லையே?

நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை 1920இல்தான் உறுதியானது என்பது சரி. ஆனால் சினிமா அப்போது மதிப்புள்ள தொழிலாகக் கருதப்படவில்லை. மதிப்பில்லாத இடத்தில் வாயிற்காவலும் குறைவாக இருக்கும். நாடக உலகின் பெரிய எழுத்தாளர்கள் இறங்கிவரத் தயங்கினார்கள். வாராவாரம் படம் கேட்கும் திரையரங்குகளுக்கோ கதை வேண்டியிருந்தது. நடிகையாகவோ தட்டச்சராகவோ உள்ளே வந்த பெண்கள் கதை எழுதிக் கொடுத்தபோது, அது படமாகுமா என்பதை மட்டுமே பார்த்தார்கள். பார்வையாளர்களில் பெண்கள் மிகுதியாக இருந்ததும் அவர்களுக்குத் துணைநின்றது.

மேரி பிக்ஃபோர்டின் தோழி என்பதால்தான் வளர்ந்தார் என்று சொல்கிறார்களே?

இருவரும் நெருங்கிய தோழிகள் என்பது உண்மை. ஆனால் நட்பு வாய்ப்பைத் தரலாம், படத்தை ஓட்டாது. அவர்கள் சேர்ந்து செய்த ‘தி புவர் லிட்டில் ரிச் கேர்ள்’ படத்தை 1917இல் முதலில் பார்த்த நிறுவன மேலாளர்கள், இது தேறாது என்று முடிவுகட்டினார்கள். பெற்றோரின் கவனம் கிடைக்காமல் பெரிய மாளிகையில் தனித்து வாடும் பதினொரு வயதுச் சிறுமியின் கதை அது. நடித்த பிக்ஃபோர்டுக்கு அப்போது 24 வயது. அவர் சிறுமியாகத் தெரிவதற்காக அறைகலன்களைப் பெரிதாகச் செய்தார்கள். மூல நாடகத்தில் இல்லாத சேற்றுச் சண்டை போன்ற குறும்புக் காட்சிகளைப் பிக்ஃபோர்டும் மேரியனும் சேர்த்தது இயக்குநர் மோரிஸ் தூர்னருக்கும் பிடிக்கவில்லை. படம் வெளியானதும் மக்கள் திரண்டார்கள். அவர்கள் சிரித்தது அந்தக் குறும்புகளுக்குத்தான்.

அடுத்த ஆண்டு வந்த ‘ஸ்டெல்லா மாரிஸ்’ எனக்கு இன்னும் பெரிய சாதனையாகத் தெரிகிறது. நடக்க முடியாமல் படுக்கையில் இருக்கும் செல்வந்தர் வீட்டுப் பெண் ஸ்டெல்லா, அநாதை இல்லத்திலிருந்து வேலைக்கு அழைத்துவரப்படும் யூனிட்டி என்று இரண்டு வேடங்களிலும் பிக்ஃபோர்டு நடித்தார். புன்னகை இல்லாதவர்கள் உள்ளே வர வேண்டியதில்லை என்ற பொருளில் ஓர் அறிவிப்பு ஸ்டெல்லாவின் அறைக் கதவில் தொங்கும். அந்த ஒரு பலகை போதும்: உள்ளே இருப்பவளுக்கு உலகம் தெரியாது, வெளியே இருப்பவளுக்கு அந்தக் கதவு திறக்காது. மேலே மௌனப் படத்துக்கு எழுத்தாளர் எதற்கு என்ற கேள்விக்குச் சொன்னதற்கு இதுவே எடுத்துக்காட்டு. இதை எழுதியவரைத் தோழி என்ற ஒரு சொல்லால் சுருக்குவது நியாயம் அன்று.

சம்பளம் உண்மையிலேயே அவ்வளவு அதிகமா?

ஆம். 1915இல் ஒரு கதைக்கு 125 டாலர் பெற்றவர், 1917இல் ஃபேமஸ் பிளேயர்ஸ்-லாஸ்கி நிறுவனத்தில் பிக்ஃபோர்டுக்கான எழுத்தாளராக ஆண்டுக்கு 50,000 டாலருக்கு ஒப்பந்தமானார். அத்தொழிலில் அன்று மிக அதிக ஊதியம் பெற்றவர்களில் ஒருவராக அவர் பேசப்பட்டதற்கு இந்த ஒப்பந்தமே காரணம்.

முதல் உலகப் போரில் போர்முனைக்குப் போனாரா?

போனார். அரசின் போர்ச் செய்தியாளராக ஐரோப்பாவுக்குச் சென்று, போர்ப் பணியில் இருந்த பெண்களின் உழைப்பைப் பதிவு செய்யும் பொறுப்பை ஏற்றார். திரும்பிவந்து 1920இல் அவர் திரைக்கதை எழுதிய ‘ஹ்யூமரெஸ்க்’ என்ற படம், நியூயார்க்கின் ஏழை யூதக் குடும்பம் ஒன்றையும் போருக்குச் செல்லும் வயலின் கலைஞனான அதன் மகனையும் பற்றியது. ஃபோட்டோபிளே இதழ் அந்த ஆண்டு முதன்முதலாக வழங்கத் தொடங்கிய பதக்கத்தை அந்தப் படம் பெற்றது.

படம் இயக்கியும் இருக்கிறாராமே? ஏன் தொடரவில்லை?

1921இல் வந்த ‘தி லவ் லைட்’, ‘ஜஸ்ட் அரவுண்ட் தி கார்னர்’ ஆகிய இரண்டையும் அவரே இயக்கினார். 1923இல் ‘தி சாங் ஆஃப் லவ்’ படத்தைச் செஸ்டர் ஃபிராங்க்ளினுடன் சேர்ந்து இயக்கினார். ‘தி லவ் லைட்’ படத்தின் நாயகி பிக்ஃபோர்டு. வழக்கமான சிறுமி வேடத்தை விட்டு, இத்தாலியக் கடற்கரையில் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் பெண்ணாக அவர் நடித்தார்.

தொடராததைத் தோல்வியாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு படத்தை இயக்கும் காலத்தில் அவரால் பல படங்களை எழுத முடிந்தது. எழுத்திலேயே அவருக்கு அதிகாரமும் ஊதியமும் இருந்தன. ஒரு நட்சத்திரத்துக்கு எந்தக் கதை பொருந்தும் என்ற முடிவில் அவருடைய சொல்லுக்கு எடை இருந்தபோது, இயக்குநர் நாற்காலி அவருக்குப் பதவி உயர்வாகத் தோன்றியிருக்க வேண்டிய தேவை இல்லை.

இவ்வளவு புகழ் இருந்தும் ஆண் பெயரில் எழுதியது ஏன்?

1919இல் அவர் ஃபிரெட் தாம்சனை மணந்தார். தாம்சன் தடகள வீரர். பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். போரில் படைப்பிரிவுச் சமயகுருவாகப் பணியாற்றியவர். பின்னர் சில்வர் கிங் என்ற குதிரையோடு கௌபாய் படங்களில் நடித்துப் பெரும் நட்சத்திரமானார். கணவரின் படங்கள் சிலவற்றுக்கு மேரியன், ஃபிராங்க் எம். கிளிஃப்டன் என்ற பெயரில் கதை எழுதினார். கிளிஃப்டன் என்பது தாம்சனின் நடுப்பெயர்.

இதைப் பெண் என்பதால் ஒளிந்துகொண்டார் என்று படிப்பது பொருந்தாது. அதே ஆண்டுகளில் பெரிய படங்களில் அவருடைய சொந்தப் பெயரே திரையில் வந்தது. பையன்கள் கூட்டமாகப் பார்க்கும் குதிரைச் சவாரிப் படங்களையும், பெரிய நிறுவனத்துக்குத் தான் செய்த இலக்கியத் தழுவல்களையும் அவர் தனித்தனியே வைத்துக்கொள்ள விரும்பினார் என்பதே என் கணிப்பு. 1928 கிறிஸ்துமஸ் நாளில் தாம்சன் டெட்டனஸ் நோயால் இறந்தார். இரண்டு சிறு மகன்களோடு மேரியன் தனித்து நின்றார்.

பிறருடைய நாவல்களையும் நாடகங்களையும் தழுவி எழுதியவரை எப்படிப் படைப்பாளி என்று சொல்வது?

தழுவல் என்பது நகல் எடுப்பதன்று. 1928இல் வெளியான ‘தி விண்ட்’ படத்தை எடுத்துக்கொள்வோம். டாரதி ஸ்கார்பரோவின் நாவலைத் தழுவி மேரியன் எழுதினார். ஸ்வீடன் நாட்டவரான விக்டர் சோஸ்ட்ரோம் இயக்கினார். லில்லியன் கிஷ் நடித்தார். விர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸின் வறண்ட நிலத்துக்கு வரும் இளம்பெண் லெட்டி, ஓயாத காற்றால் மனம் சிதைந்துபோகும் கதை. நாவலில் காற்றைப் பற்றி ஆசிரியர் பக்கம் பக்கமாகச் சொல்லலாம். ஒலியே இல்லாத படத்தில் காற்றை எப்படிக் காட்டுவது?

மணலால் காட்டினார்கள். தொடக்கத்திலேயே லெட்டி அமர்ந்திருக்கும் ரயில் பெட்டியின் சன்னலில் மணல் வந்து மோதுகிறது. பிறகு அது வீட்டுக்குள்ளும் வருகிறது. தன்னை நாசப்படுத்திய ஆணைச் சுட்டுக் கொன்று மணலில் புதைக்கிறாள் லெட்டி. சன்னல் வழியே பார்க்கிறாள். காற்று மணலை மெல்ல மெல்ல அள்ளிக்கொண்டுபோய்ப் புதைத்ததை வெளியே கொண்டுவருகிறது. செய்த குற்றம் மறையாது என்பதைச் சொல்ல ஒரு டைட்டில் கார்டுகூட வேண்டியதில்லை.

நாவல் லெட்டியின் அழிவில் முடிகிறது. படத்திலோ அவள் கணவனோடு அந்த நிலத்திலேயே நிலைக்கிறாள். அந்த முடிவு கதையின் ஓட்டத்தோடு முழுதாக ஒட்டவில்லை என்றே நான் நினைக்கிறேன். இருந்தாலும் சன்னல் காட்சியின் வலிமை குறையவில்லை.

பேசும் படம் வந்ததும் மௌனப் பட எழுத்தாளர்களின் காலம் முடிந்துவிட்டது என்று படித்தேன். இவருக்கும் அப்படித்தானா?

நேர்மாறாக நடந்தது. மௌனப் பட நட்சத்திரம் கிரெட்டா கார்போ முதன்முதலாகப் பேசிய ‘அனா கிறிஸ்டி’ படத்தின் திரைக்கதையை 1930இல் எழுதியவர் மேரியன். யூஜின் ஓநீலின் நாடகமே அதற்கு மூலக்கதை. கார்போ பேசுகிறார் என்பதே விளம்பரம். அந்தக் குரலைக் கேட்க வந்த கூட்டம் ஏறத்தாழக் கால் மணி நேரம் காத்திருக்கிறது. அதற்குப் பிறகே கார்போ மதுக்கடைக்குள் நுழைந்து, களைத்த உடலோடு நாற்காலியில் அமர்ந்து பேசுகிறார்.

1930களின் தொடக்கத்தில் மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனத்தின் தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்கு மிகவும் நம்பிய எழுத்தாளர்களில் மேரியனும் ஒருவர். உரையாடல் எழுதத் தெரிந்த நாடகாசிரியர்கள் நியூயார்க்கிலிருந்து வரிசையாக வந்தார்கள். ஆனால் பேச்சு தேவைப்படாத இடம் எது என்று தெரிந்தவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தவர்கள்தான்.

மேரி டிரஸ்லருக்கு மறுவாழ்வு கொடுத்தவர் இவர் என்பது உண்மையா?

உண்மை. டிரஸ்லர் நாடக மேடையின் பெரிய நகைச்சுவை நடிகை. மேரியன் சான் ஃபிரான்சிஸ்கோவில் அனுபவமில்லாத செய்தியாளராக இருந்தபோது, தடுமாறி நின்ற அவருக்குப் பேட்டி கொடுத்து உதவியவர். 1920களில் டிரஸ்லருக்கு வாய்ப்புகள் வற்றிப்போயின. அறுபதை நெருங்கிய அவரை மனத்தில் வைத்து மேரியன் 1927இல் ஒரு நகைச்சுவைப் படம் எழுதினார். அயர்லாந்து வம்சாவளியினரின் எதிர்ப்பால் நிறுவனம் அந்தப் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேரியன் விடவில்லை. ‘அனா கிறிஸ்டி’யில் குடிகார மூதாட்டி மார்த்தியாக டிரஸ்லர் நடித்ததற்கும் அவருடைய வற்புறுத்தலே காரணம்.

அதே 1930இல் டிரஸ்லருக்காக எழுதிய ‘மின் அண்ட் பில்’ படம் அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது. விருது பெற்றபோது டிரஸ்லரின் வயது 63. அடுத்த சில ஆண்டுகள் அமெரிக்கத் திரையரங்குகளில் மிக அதிகமாக வசூல் ஈட்டிய நட்சத்திரமாக அவர் இருந்தார். ஒரு நடிகரின் உடலையும் நடையையும் வயதையும் கருதி எழுதுவது மேரியனின் வழக்கம். டிரஸ்லரிடம் வயதை மறைக்காமல் அதையே கதையாக்கினார்.

இரண்டு ஆஸ்கரும் ஒரே பிரிவில் கிடைத்தவையா?

இல்லை. முதலாவது, சிறைக் கதையான ‘தி பிக் ஹவுஸ்’ படத்துக்கு எழுத்துச் சாதனைக்கான விருது. 1930 நவம்பரில் வழங்கப்பட்டது. இரண்டாவது, குத்துச்சண்டை வீரன் ஒருவனையும் அவனுடைய சிறு மகனையும் பற்றிய ‘தி சாம்ப்’ படத்துக்குச் சிறந்த கதைக்கான விருது. அது 1932 நவம்பர் 18 அன்று, அவருடைய 44ஆவது பிறந்தநாளில் கிடைத்தது. எழுத்துக்காக இரண்டு ஆஸ்கர் பெற்ற முதல் ஆள் என்று ஆண், பெண் பிரிவினை இல்லாமலே அவரைச் சொல்லலாம்.

‘தி பிக் ஹவுஸ்’ இயக்குநர் அவருடைய கணவர்தானே? அதனால் கிடைத்த விருது என்று வாதிடலாமே?

ஜார்ஜ் ஹில்லை மேரியன் 1930இல் மணந்தார். அந்தத் திருமணம் 1933இல் முறிந்தது. விருது பெற்றபோது அவர் கணவர் என்பது சரி. ஆனால் அந்தப் படத்துக்கு எழுத்துக்கான விருது கிடைத்தது. இயக்கத்துக்கான பரிந்துரைப் பட்டியலில்கூட ஹில் இடம்பெறவில்லை. இரண்டாவது விருதுப் படத்தை இயக்கியவர் கிங் விடோர்.

மேரியன் அதற்குமுன் பதினைந்து ஆண்டுகள் எழுதியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கதைக்காக அவர் சான் குவென்டின் சிறைக்கு நேரில் சென்று பார்த்துவந்தார். மேலே பிக்ஃபோர்டு பற்றி வந்த கேள்வியும் இதுவும் ஒரே வகை: சாதித்த பெண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்ற முன்முடிவிலிருந்து பிறப்பவை. ஒரு படத்தில் கணவனும் மனைவியும் பணியாற்றும்போது கணவனிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

மொத்தம் எத்தனை படங்கள்? ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் எண் இருக்கிறதே?

எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். கதை மட்டும் கொடுத்தது, நாவலைத் தழுவியது, முழுத் திரைக்கதை எழுதியது, பிறர் எழுதியதைப் பெயரில்லாமல் திருத்தியது, புனைபெயரில் எழுதியது, எழுதியும் படமாகாதது என்று பல வகை. பெயரோடு திரைக்கு வந்தவை மட்டுமே 100ஐத் தாண்டும். எல்லாவற்றையும் சேர்ப்பவர்கள் முந்நூறுக்கும் மேல் என்பார்கள். வேர்ல்டு ஃபிலிமில் இருந்தபோது எழுதியவற்றில் பல அழிந்துவிட்டதால் நேரில் பார்த்துச் சரிபார்க்கவும் வழியில்லை. டிரஸ்லருக்காக எழுதிய 1927 படமும் இன்று கிடைப்பதில்லை.

எழுத்தாளர் சங்கத்தில் அவருடைய பங்கு என்ன?

1933 மார்ச்சில், வங்கிகள் மூடப்பட்ட நெருக்கடியைக் காட்டி நிறுவனங்கள் ஊழியர்களின் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்தன. அதை எதிர்கொள்ள அடுத்த மாதம் திரை எழுத்தாளர் சங்கம் உருப்பெற்றது. ஜான் ஹோவர்டு லாசன் தலைவர். மேரியன் துணைத் தலைவர். ஊதியக் குறைப்பால் வாழ்க்கையே ஆட்டம் காணும் நிலையில் அவர் இல்லை. இரண்டு ஆஸ்கர் பெற்றவர், தொடக்க நிலை எழுத்தாளர்களோடு நின்றதால் சங்கத்துக்கு வலு கூடியது.

பிறகு ஏன் மங்கிப்போனார்? பெண் என்பதால் ஒதுக்கினார்களா?

ஒரே சொல்லில் ஆம், இல்லை என்று முடிக்க முடியாது. 1936 செப்டம்பரில் தால்பெர்கு 37 வயதில் இறந்தார். எழுத்தாளரைத் தொடக்கத்திலிருந்தே கலந்துபேசும் வழக்கம் அவரோடு தேய்ந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்த, அதை மூன்றாமவர் மாற்ற, யாருடைய கதை என்றே தெரியாத நிலை பெருகியது. மேரியன் கற்றுவந்த தொழில்முறை வேறு: நட்சத்திரம், இயக்குநர், எழுத்தாளர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து படத்தைத் தீர்மானிப்பது.

மேலே வாயிற்காவல் பற்றிச் சொன்னேன். சினிமாவில் பெரும் முதலீடு புகுந்து அது மதிப்புள்ள தொழிலாக மாறியபோது காவலும் வந்தது. தயாரிப்பு மேற்பார்வைப் பதவிகள் பெரும்பாலும் ஆண்களுக்கே போயின. பெண்களை வெளியேற்ற ஆணை எதுவும் தேவைப்படவில்லை. முடிவெடுக்கும் மேசை இடம் மாறியது; அங்கே அவர்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. 1937இல் திரைக்கதை எழுதுவது குறித்து ஒரு கையேடு வெளியிட்ட மேரியன், 1946இல் ஹாலிவுட்டை விட்டு விலகி நாவலும் நாடகமும் எழுதினார். 1972இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலாக வந்தன.

படத்தில் அவர் எழுதியது எது, இயக்குநர் செய்தது எது என்று எப்படிப் பிரித்தறிவது?

முழுதாகப் பிரிக்க முடியாது. பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒரு வழி உண்டு. படத்தின் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பொருள்கள் எங்கிருந்து எங்கே போகின்றன, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறுகின்றன என்று கவனியுங்கள். அந்த வரிசையைப் படப்பிடிப்புத் தளத்தில் திடீரென்று கண்டுபிடிக்க முடியாது. அது தாளில் முன்பே இருந்திருக்க வேண்டும்.

‘தி பிக் ஹவுஸ்’ பேசும் படம்; ஒலிப்பதிவுக்கும் ஆஸ்கர் பெற்ற படம். அதில் சிறைச்சாலையின் உணவுக் கூடம் ஒன்று வருகிறது. 1,800 பேருக்கான சிறையில் 3,000 பேரை அடைத்திருக்கிறார்கள். சாப்பாடு சகிக்கவில்லை என்று முரடன் புட்ச் கூச்சலிட்டுக் கலகம் செய்கிறான்; காவலர்கள் அவனை நோக்கி வருகிறார்கள். அவனிடம் ஒரு கத்தி இருக்கிறது. மேசைக்கு மேலே அத்தனை ஆரவாரம். மேசைக்குக் கீழே அந்தக் கத்தி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாறி மாறிக் கடைசியில் கென்ட் என்ற கோழை இளைஞனிடம் வந்து நிற்கிறது. அறைகளைச் சோதனையிட வருவார்கள் என்ற அச்சத்தில், அவன் அதைத் தன் அறைத் தோழன் மார்கனின் படுக்கையில் ஒளித்துவைக்கிறான். மார்கன் விடுதலையை எதிர்நோக்கி இருப்பவன். கத்தி கண்டெடுக்கப்படுகிறது, மார்கனின் பரோல் ரத்தாகிறது.